சூட்கேசில் வந்த கொழுப்புக் குளிசை

லண்டனில் நீண்டகாலமாக வசித்துவரும் எனது மைத்துனர் அண்மையில் விடுமுறையில் கொழும்புக்கு வந்திருந்தார். வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர்களின் சூட்கேஸ்களில் முன்னரெல்லாம் சொக்கலேட்டும் சவர்க்காரமும் வாசனைத் திரவியமுமே நிறைந்திருக்கும். இப்போது மருந்து வகைகளும் அவற்றுடன் சேர்ந்துகொண்டுவிட்டன. இம்முறை அவர் எனக்கென்று கொண்டுவந்தது ஒரு குளிசைப் பெட்டி. "அத்தான், உங்களுக்கும் வயிறு வைச்சிட்டுது. சாப்பாட்டோடை ஒண்டு போடுங்கோ. டொக்டரிட்டைப் போகத் தேவையில்லை, அங்கை பாமசியிலையே தருவாங்கள். அக்காவும் எடுக்கலாம்" என்று அவர் கூறினார்.

அவர் கூறியதில் பாதி உண்மை. எனக்கு வயிறு வைத்திருப்பது உண்மையே. பத்திரிகைக் காரியாலயங்களில் பல தசாப்தங்களாக இரவுக் கடமையாற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்த ஓய்வூதியம் அதுதான். பக்கங்கள் அச்சுக்குப் போகும்வரை தேநீரும் ரோல்ஸும் பற்றிஸுமாக இரவுகளைக் கழித்தவர்கள் நாம். வெறும் வயிற்றில் எடுக்கப்பட்ட எனது இரத்தச் சீனியின் அளவு எல்லைக்கோட்டில் நிற்பதாகக் கடந்த வருடம் வைத்தியர் கூறினார். சலரோகத்தினால் கால்விரல்களை ஒவ்வொன்றாக இழந்த ஒரு தந்தையின் மகன் நான். எனவே, உடல் எடையைக் குறைப்பது என்பது எனக்கு அழகு சம்பந்தப்பட்ட விவகாரம் அல்ல. அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தபோது ஒரு கணம் ஆசை எழுந்தது என்பதை மறைக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால், சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டவற்றை முதலில் வாசிப்பது பத்திரிகையாளர்களுக்கு இலகுவில் விட்டுப்போகாத பழக்கம். குளிசையை விழுங்குவதற்கு முன்னர் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த துண்டுப்பிரசுரத்தை வாசித்தேன். பின்னர் இது தொடர்பில் வெளிவந்த ஆய்வுகளையும் தேடி வாசித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அந்தக் குளிசையில் இருக்கும் மருந்தின் பெயர் ஓர்லிஸ்டாட். மண்ணில் வாழும் ஒருவகை பக்ரீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லிப்ஸ்டாட்டின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு சுவிற்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 120 மில்லிகிராம் அளவில் சென்னிகல் என்ற பெயரில், வைத்தியரின் மருந்துச் சீட்டுக்கு மாத்திரம் வழங்கப்படும் மருந்தாக 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதில் பாதியளவான 60 மில்லிகிராம் குளிசையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 பெப்ரவரியில் அனுமதி வழங்கியது. கிளாக்சோஸ்மித்க்லைன் நிறுவனம் அலி என்ற பெயரில் அதே ஆண்டு நடுப்பகுதியில் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்ததைத் தொடர்ந்து பிரிட்டனின் பாமசிகளிலும் அது விற்பனைக்கு வந்தது.

இக்குளிசை பசியைக் குறைப்பதில்லை. உடலில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைப்பதும் இல்லை. நாம் உண்ணும் கொழுப்பு உடலில் சேரவேண்டுமானால் லிபேஸ் எனப்படும் நொதியம் அதனைச் சிறு கூறுகளாக உடைக்கவேண்டும். ஓர்லிஸ்டாட் குடலுக்குள் அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சமிபாடு அடையாமலேயே மலத்துடன் வெளியேறிவிடுகிறது. மருந்தின் வேலை குடலுக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மூளையையோ இருதயத்தையோ அது தீண்டுவதில்லை.

இந்தக் கடைசி விடயம் அதன் பெருமை என்றே கூறவேண்டும். உடல் மெலியவைக்கும் மருந்துகளின் வரலாறு மகிழ்ச்சிக்குரியது அல்ல. இருதய வால்வுகளைப் பாதித்த காரணத்தால் பென்புளூரமின் 1997 ஆம் ஆண்டில் சந்தையிலிருந்து வாபஸ் பெறப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணங்களையும் ஏற்படுத்தக்கூடும் என்ற அச்சத்தினால் ரிமோனபன்ற் 2008 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத அபாயங்கள் காரணமாக சிபுட்ராமின் 2010 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விடைபெற்றது. இவையெல்லாம் வந்து போன பின்னரும் ஓர்லிஸ்டாட் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது. எனவே, இதனை ஒரு மோசடி மருந்து என்று நான் கூறவரவில்லை. எனது கேள்வி வேறு. எம்மவர்களின் உணவுத் தட்டுக்கு முன்னால் இக்குளிசையினால் எவ்வளவுதான் செய்யமுடியும் என்பதே அது.

ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இக்குளிசையைப் பாவிப்பவர்கள் ஒரு வேளை உணவில் சுமார் 15 கிராமுக்கு மேற்படாமல் கொழுப்பை உட்கொள்ளவேண்டும் என்று ஆலோசனை கூறப்படுகிறது. மூன்று வேளைக்கு 45 கிராம். அதில் நான்கில் ஒரு பங்கு என்றால் 11 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஆகவே, நாள் முழுவதும் மூன்று குளிசைகள் செய்துமுடிக்கும் வேலை ஏறத்தாழ 100 கலோரி மாத்திரமே.

அந்த 100 கலோரி எமது வீடுகளில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். அரைக் கோப்பைச் சோற்றில் அது இருக்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட மூன்று தேநீரில் அது இருக்கிறது. ஆசிரியர் பீடத்தில் நான் ஒரு நாளைக்கு ஆறு தேநீர் குடித்த காலம் உண்டு. மூன்று குளிசைகள் ஒரு நாளில் தடுக்கும் சக்தியைப் போன்று இரண்டு மடங்கை நான் சீனியாக மாத்திரம் குடித்துத் தீர்த்திருக்கிறேன். சீனியை இக்குளிசை தீண்டாது. சோற்றைத் தீண்டாது. பாணையும் இடியப்பத்தையும் தீண்டாது.

இதுதான் நாம் கவனிக்கவேண்டிய முக்கிய விடயம். இலங்கையரின் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 வீதம் மாச்சத்திலிருந்தும் சீனியிலிருந்துமே வருகிறது. கொழுப்பின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தேங்காய்ப்பாலும் பொரியலும் எம்மிடம் இல்லையென்பது இதன் அர்த்தம் அல்ல. அவை கறிகளாகத் தட்டின் ஓரங்களில் நிற்கின்றன, நடுவில் மலைபோல் நிற்பது சோறு. ஐந்தில் ஒரு பங்கின் கால்வாசி என்பது இருபதில் ஒரு பங்கு. மீதிப் பத்தொன்பது பங்கும் வழமைபோல உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். வெண்ணெயும் பாற்கட்டியும் பொரித்த இறைச்சியும் பிரதானமாக உள்ள மேற்கத்தைய உணவை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட ஒரு மருந்து, புட்டும் சொதியும் உண்ணும் ஒருவரின் வயிற்றுக்குள் இறங்கும்போது அதற்கு அங்கு பெரிதாக வேலை இருப்பதில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் வசிக்கும் எம்மவர்களில் பலரும் இரவில் சோற்றுக்கோ புட்டுக்கோ திரும்பிவிடுகிறார்கள் என்பதை அங்கு சென்று தங்கியவர்கள் அறிவார்கள்.

ஆய்வுகளும் இதே அடக்கமான கதையைத்தான் கூறுகின்றன. ஓர்லிஸ்டாட் தொடர்பிலான மிக நீண்ட ஆய்வு சுவீடனில் 3,305 பேரைக் கொண்டு நான்கு வருடங்கள் நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2004 ஆம் ஆண்டில் வெளியாகின. பயன்படுத்தப்பட்டது 120 மில்லிகிராம் மருந்து. நான்கு வருட முடிவில் மருந்தை எடுத்தவர்கள் சராசரியாக 5.8 கிலோ எடையைக் குறைத்திருந்தார்கள். மருந்தே இல்லாத போலிக் குளிசையை எடுத்தவர்கள் 3 கிலோவைக் குறைத்திருந்தார்கள். இரு சாராருக்கும் உணவைக் குறைக்குமாறும் வழமையைவிட நாளுக்கு ஒரு கிலோமீற்றராவது கூடுதலாக நடக்குமாறும் ஆலோசனை வழங்கப்பட்டிருந்தது. அதாவது, குறைந்த எடையில் பாதிக்கு உரிமை கோரக்கூடியவை தட்டும் கால்களுமே. மருந்தை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நான்கு வருடங்கள் முடியும் முன்னரே ஆய்விலிருந்து விலகிவிட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனால், அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியை மறைத்தால் அது நேர்மையாகாது. போலிக் குளிசை எடுத்தவர்களில் 9 வீதமானோருக்கு நான்கு வருடங்களில் நீரிழிவு ஏற்பட்டது. மருந்தை எடுத்தவர்களில் அது 6.2 வீதம். சில கிலோ எடை குறைவதும் வீண் அல்ல என்பதற்கு இது சான்று. எனவே, வைத்தியர் ஒருவர் ஒரு நோயாளியின் நிலையைப் பார்த்து இம்மருந்தைக் கொடுத்தால் அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் கூறமாட்டேன்.

மருந்துக் கம்பனியும் இது விடயத்தில் பெரிதாகப் பொய் சொல்லவில்லை. உணவுக் கட்டுப்பாட்டினால் இரண்டு இறாத்தல் குறைக்கும் ஒருவருக்கு இக்குளிசை மேலும் ஒரு இறாத்தலைக் குறைக்க உதவும் என்பதே அலியின் விளம்பரம் சொன்ன செய்தி. அதன்படி முதல் இரண்டு இறாத்தலையும் நாமே குறைக்கவேண்டும். விளம்பரத்தை வாசிப்பவர்களின் மனதில் மூன்றாவது இறாத்தல் மாத்திரமே தங்கிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

இப்போது பக்கவிளைவுக்கு வருவோம். சமிபாடடையாத கொழுப்பு எங்கோ போயாகவேண்டும். கொழுப்பு அதிகமான உணவை உண்டுவிட்டு இக்குளிசையையும் எடுப்பவருக்கு எண்ணெய்க் கசிவும் அடக்கமுடியாத மலவுந்தலும் ஏற்படலாம். இக்குளிசை அமெரிக்காவில் அறிமுகமானபோது, ஆரம்ப நாட்களில் கருநிறக் காற்சட்டை அணிவதும் வேலைக்குப் போகும்போது மாற்று உடையொன்றைக் கொண்டுசெல்வதும் நல்லது என்று அந்தக் கம்பனியே பாவனையாளர்களுக்கு ஆலோசனை கூறியது. இதனை ஒரு கண்டிப்பான வாத்தியார் என்று புகழ்பவர்களும் இருக்கிறார்கள். கொழுப்பைத் தின்றால் தண்டனை உடனே கிடைக்கும், மறுமுறை கை தானாகப் பின்வாங்கும் என்பது அவர்களின் வாதம்.

அந்த வாதம் நடைமுறையில் எப்படிப் போகிறது என்பதை எனது மைத்துனரிடமே கண்டேன். அவர் கொழும்பில் நின்ற நாட்களில் ஒரு உறவினர் வீட்டில் மதிய விருந்து. ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த கத்தரிக்காய், நெய்ச்சோறு, போதாக்குறைக்கு ரோல்ஸ். குளிசை எடுத்தாயிற்றா என்று மெதுவாகக் கேட்டேன். "இண்டைக்குப் போடேல்லை அத்தான். விருந்து நாளிலை அதைப் போட்டால் மானம் போயிடும்" என்று சிரித்தார். துண்டுப்பிரசுரமோ இதற்கு நேர்மாறாக, கொழுப்பு இல்லாத உணவை உண்ணும் வேளையில் குளிசையைத் தவிர்க்கலாம் என்று கூறுகிறது. மரக்கறியும் சோறும் உண்ட நாட்களில் ஒழுங்காக மூன்று குளிசை. நெய்ச்சோறு உண்ட நாளில் குளிசைக்கு விடுமுறை. வாத்தியார் தண்டிப்பார் என்றால் பிள்ளை குழப்படியை விடுவதில்லை, அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டுவிடுகிறது.

அவரை நான் கேலி செய்யவில்லை. மேற்கு நாடுகளில் இரண்டு வேலைகள் பார்த்து, இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு, குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு வாழ்க்கை முறையில் உடம்பு பருப்பது ஒழுக்கக்கேடு அல்ல. பருத்தவர்களை நையாண்டி செய்யும் எமது சமூகப் பழக்கமே அவர்களை இரகசியமாகக் குளிசை தேடவைக்கிறது என்பது எனது அபிப்பிராயம். வைத்தியரிடம் சென்று பேசுவதற்கு வெட்கம், பாமசியில் வாங்குவதற்கு வெட்கமில்லை.

ஆனால், அந்தப் பாமசியிலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் இக்குளிசையை விற்பதற்கு முன்னர் மருந்தாளர் சில கேள்விகளைக் கேட்கவேண்டும். உயரம் என்ன, நிறை என்ன, வேறு என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை. எனது மைத்துனருக்கு அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பொருந்தாது. சூட்கேசில் வந்த பெட்டிக்குப் பின்னால் கேள்வி கேட்க யாருமில்லை.

"அக்காவும் எடுக்கலாம்" என்று அவர் சாதாரணமாகக் கூறியதுதான் என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்தியது. எனது மனைவி பல வருடங்களாகத் தைரோயிட் சுரப்பிக் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுத்துவருபவர். அந்த மருந்தை உடல் உறிஞ்சுவதை ஓர்லிஸ்டாட் குறைக்கக்கூடும் என்பதால், வைத்தியரின் ஆலோசனை பெறவேண்டும் என்றும் இரண்டுக்கும் இடையே குறைந்தபட்சம் நான்கு மணித்தியாலங்கள் இருக்கவேண்டும் என்றும் எச்சரிக்கிறார்கள். தைரோயிட் குறைந்தால் உடல் எடை கூடும் என்பது தெரிந்ததே. எடையைக் குறைக்க எடுத்த குளிசை எடையைக் கூட்டும் வாய்ப்பைத் திறந்துவிடும் விசித்திரம் அது. சலரோக மருந்து எடுப்பவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் வைத்தியரைக் கேட்காமல் இதனைத் தொடக்கூடாது. உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் சைக்குளோஸ்போரின் எடுப்பவர்களும் இரத்தம் உறையாமல் இருப்பதற்கு வார்பரின் எடுப்பவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இதனை அறவே எடுக்கக்கூடாது. எமது வீடுகளில் அறுபதைத் தாண்டியவர்களின் மருந்துப் பெட்டியில் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது.

இன்னும் இரண்டு விடயங்கள். கொழுப்புடன் சேர்ந்தே உடலில் உறிஞ்சப்படும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் இக்குளிசையினால் குறையலாம். அதனால் படுக்கைக்குப் போகும்போது பல்விற்றமின் குளிசையொன்றை எடுக்குமாறு கூறப்படுகிறது. வெயில் குறைந்த வடபுல நாடுகளில் வாழும் தெற்காசியருக்கு விற்றமின் டி குறைபாடு ஏற்கனவே சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. அடுத்து, ஈரல். 1999 ஆம் ஆண்டு முதல் 2009 ஆம் ஆண்டு வரையான காலப்பகுதியில் ஓர்லிஸ்டாட் எடுத்தவர்களில் 13 பேருக்குக் கடுமையான ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாகக் கிடைத்த தகவல்களை அடுத்து 2010 மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தது. உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடிப் பேர் பாவித்த மருந்து என்பதால் இது மிகவும் அரிது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கப்படவும் இல்லை. கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கருத்தால் உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்லவேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பது போதுமானது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது அதைவிடப் பெரிய அபாயம். 2010 ஜனவரியில் இணையம் ஊடாக விற்கப்பட்ட போலி அலிக் குளிசைகளைச் சோதித்தபோது அவற்றில் ஓர்லிஸ்டாட் இருக்கவில்லை, சிபுட்ராமின் இருந்தது.

யாருக்கு இக்குளிசை என்பதிலும் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஐரோப்பாவில் இது உடல் திணிவுச் சுட்டெண் 28 அல்லது அதற்கு மேற்பட்ட வயது வந்தவர்களுக்கே உரியது. ஐந்தடி ஐந்து அங்குல உயரமான ஒருவருக்கு அது சுமார் 76 கிலோ. ஆனால், ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து அதிகரிக்க ஆரம்பிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004 ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார்கள். அதே உயரத்துக்கு அது சுமார் 63 கிலோ. கையும் காலும் மெலிந்து வயிறு மாத்திரம் முன்தள்ளிய எமது தேகவாகுக்கு, 63 கிலோவுக்கும் 76 கிலோவுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் சலரோகம் காத்திருக்கிறது. அந்த வெளியில் நிற்பவருக்கு இக்குளிசை உரியது அல்ல. அவருக்கு உரியது தட்டில் சோற்றைக் குறைப்பதே.

இன்று செமக்ளுடைட் போன்ற ஊசி மருந்துகள் வந்துவிட்டன. 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் அதனைப் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாகத் தமது எடையில் 15 வீதம் அளவுக்குக் குறைத்தார்கள். அதன் முன்னால் பழைய கொழுப்புக் குளிசை மிகவும் சாதுவாகத் தெரிகிறது. நாளை அந்த ஊசிகளும் சூட்கேஸ்களில் வரக்கூடும். மருந்து வலிமையானதாக மாறும்போது கேள்வி கேட்கும் மனிதரின் அவசியமும் கூடுகிறதே தவிர குறையவில்லை.

மைத்துனர் திரும்பிச் செல்வதற்கு முதல்நாள் அந்தப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எழுதுறவருக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று அக்காவிடம் முறைப்பாடு செய்ததுடன் விட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் தேநீரில் சீனியை நிறுத்தியிருக்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் கசப்பாகத்தான் இருந்தன. இரவில் சோற்றுக்குப் பதிலாக அவித்த கடலையும் மரக்கறியும். மாலையில் முக்கால் மணித்தியாலம் கடற்கரையோரமாக நடை. இவற்றால் எனது எடை எவ்வளவு குறைந்தது என்று இங்கு பிரகடனம் செய்யப்போவதில்லை. அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, எனக்கு முக்கியமானது அந்தத் துண்டில் வரப்போகும் எண்தான்.

புலம்பெயர்ந்து வாழும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் இருக்கும் அக்காமார், அத்தான்மாரின் ஆரோக்கியத்தில் உங்களுக்கு இருக்கும் அக்கறைக்கு நன்றி. உங்களுக்கென்று ஒரு மருந்தாளர் கேள்வி கேட்டுக் கொடுத்த மருந்தை எங்களுக்குக் கொண்டுவராதீர்கள். அடுத்த முறை சூட்கேசில் இடம் மிஞ்சினால் நடைக்கு உகந்த ஒரு சோடி சப்பாத்தை வைத்துவிடுங்கள். எனது காலின் அளவு ஒன்பது.